எல்லாம் கால் ஆணி அல்ல

“டாக்டர், காலில் ஆணி வந்திருக்கிறது, வெட்டி எடுத்துவிடுங்கள்.” எங்கள் தோல் நோய்ப் புறநோயாளிப் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் இது. சொன்னவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் திருப்பிக் காட்டுவார். பல வேளைகளில் அது ஆணியாக இராது, மருவாக இருக்கும். கைவிரலில் மரு வந்தால் எவரும் எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். அதே மரு உள்ளங்காலில் வந்தால் மட்டும் அதற்கு ஆணி என்று பெயர் மாறிவிடுகிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆணி என்ற சொல் மனத்தில் தவறான ஒரு படத்தை வரைந்துவிடுகிறது என்பதே எங்கள் கவலை. ஆணி என்றால் கூர்முனையோடு ஆழத்தில் இறங்கியிருப்பது. தோண்டி வேரோடு பிடுங்கினால்தான் தீரும். இந்த எண்ணத்தோடு பிளேடைக் கையில் எடுத்தவர்களையும், சுண்ணாம்பை வைத்துக் கட்டியவர்களையும், ஒருமுறை வெட்டியும் போகவில்லையே என்று மறுமுறை வெட்டிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறோம். மருவுக்கு வேர் கிடையாது. இதை மனத்தில் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

ஆணி எது, மரு எது?

கால் ஆணி அழுத்தத்தால் உண்டாவது. எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தைச் செருப்போ தரையோ ஓயாமல் அழுத்தும்போது, தோல் தன்னைக் காத்துக்கொள்வதற்காக அங்கே தடித்துப்போகிறது. அந்தத் தடிப்பின் நடுப்பகுதி கூம்புபோல் உள்நோக்கி இறுகினால் அதுவே ஆணி. அதில் கிருமி எதுவும் இல்லை. அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. அழுத்தம் நீங்கினால் ஆணியும் நீங்கும். காலணியை மாற்றாமல் ஆணியை மட்டும் சீவிக்கொண்டிருப்பவருக்கு அது திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

மருவோ வைரசால் உண்டாவது. மனித பாப்பிலோமா வைரஸ் என்னும் பெரிய குடும்பத்தில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றுள் 1, 2, 4, 27, 57 என்ற எண்களால் குறிக்கப்படும் வகைகளே உள்ளங்காலில் பெரும்பாலும் மருவை உண்டாக்குகின்றன. மரு ஒரு தொற்று என்பதை 1907ஆம் ஆண்டு சியுஃபோ என்ற இத்தாலிய மருத்துவர் மெய்ப்பித்தார். மருவை அரைத்து, செல்களும் பாக்டீரியாக்களும் கடக்க இயலாத நுண்வடிகட்டியில் வடித்து, அந்த நீரைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அங்கே மரு முளைத்தது. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இத்தகைய சோதனைக்கு அனுமதி தராது!

இந்த வைரஸ் மேல்தோலில் மட்டுமே வாழ்கிறது. நரம்பும் இரத்தக் குழாயும் ஓடும் உள்தோலுக்குள் அது இறங்குவதில்லை. கையில் வரும்போது மேல்நோக்கி வளர்ந்து முண்டுபோல் நிற்கும் மரு, உள்ளங்காலில் உடலின் எடை முழுவதையும் தாங்க வேண்டியிருப்பதால் உள்நோக்கி அழுந்திவிடுகிறது. ஈர மணலில் கிடக்கும் கூழாங்கல்லை மிதித்து அழுத்துவது போன்றது இது. கல் மணலுக்குள் புதைந்திருக்கும். ஆனால் மணலில் வேர்விட்டிருக்காது. மருவின் நடுவே தெரியும் கருநிறப் புள்ளிகளைச் சிலர் வேர் என்பார்கள். சிலர் விதை என்பார்கள். அழுக்கு என்று ஊசியால் நோண்டுபவர்களும் உண்டு. அவை மருவுக்குள் வந்திருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள். அவற்றில் இரத்தம் உறைந்துபோனதால் கருமையாகத் தெரிகின்றன.

வீட்டிலேயே ஓரளவுக்கு வேறுபாட்டை அறியலாம். நல்ல வெளிச்சத்தில் பாதத்தை உற்றுப் பாருங்கள். கைரேகையைப் போலவே உள்ளங்காலிலும் மெல்லிய கோடுகள் ஓடும். மரு உள்ள இடத்தில் அந்தக் கோடுகள் ஓரத்தோடு நின்றுவிடும். மருவைச் சுற்றிக்கொண்டு விலகிப் போகும். அழுத்தத்தால் தடித்த தோலில் கோடுகள் தடிப்பின் மீதும் தொடர்ந்து ஓடும். அடுத்து, இரு விரல்களால் பக்கவாட்டில் கிள்ளிப் பாருங்கள். கிள்ளும்போது சுருக்கென்று வலித்தால் மருவாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. ஆணி, நேராக மேலிருந்து அழுத்தினால்தான் வலிக்கும். ஐயம் தீராவிட்டால் நாங்கள் மேலே உள்ள காய்ந்த தோலை மெல்லச் சீவிப் பார்ப்போம். ஊசிமுனை அளவில் இரத்தப் புள்ளிகள் தோன்றினால் மரு. நடுவே கண்ணாடிபோல் இறுகிய கூம்பு தெரிந்தால் ஆணி. இந்தச் சீவிப் பார்க்கும் வேலையை மட்டும் எங்களிடம் விட்டுவிடுங்கள்.

எங்கிருந்து வந்தது?

நோயாளிகள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. சரியான நாளும் இடமும் சொல்ல இயலாத கேள்வியும் இதுதான். வைரஸ் நுழைந்த பின் மரு கண்ணுக்குத் தெரிய சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை ஆகலாம். எனவே சென்ற வாரம் சென்றுவந்த உறவினர் வீட்டைக் குறை கூறுவதில் பொருளில்லை. ஈரமான தரையில் வெறுங்காலோடு நடக்கும்போது, நீரில் ஊறி மென்மையான தோலில் உள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியே வைரஸ் நுழைகிறது. விடுதிகளின் பொதுக் குளியலறையும் நீச்சல் குளத்தைச் சுற்றிய சொரசொரப்பான தரையும் இதற்கு ஏற்ற இடங்கள். பாதம் அதிகம் வியர்ப்பவர்களுக்கு எளிதில் தொற்றும்.

பலர் எண்ணிப் பார்க்காத ஒன்று, வீட்டுக் குளியலறையில் கிடக்கும் கால் தேய்க்கும் கல். வீட்டில் உள்ள அனைவருக்கும் ஒரே கல். மரு உள்ளவர் அதில் தேய்த்த பின் அடுத்தவர் தேய்க்கும்போது வைரஸ் அவருக்கும் போகிறது. அதுமட்டுமன்று, மரு உள்ளவரே அதே கல்லால் மருவையும் குதிகாலையும் தேய்த்தால் ஒரு மரு ஐந்தாகும். கல்லை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். மரு உள்ள இடத்தைத் தேய்க்கும் கல்லை வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள். மரு நீங்கியதும் அதை எறிந்துவிடுங்கள். குளியலறைக்கெனத் தனிச் செருப்பும், கால் துடைக்கத் தனித் துண்டும் இருந்தால் போதும். தட்டையும் படுக்கையையும் பிரிக்க வேண்டியதில்லை. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பலாம், விளையாட விடலாம். நீச்சலுக்குச் செல்லும்போது மட்டும் நீர் புகாத பிளாஸ்டரால் மருவை மூடிவிடுங்கள்.

பாப்பிலோமா வைரஸ் என்றவுடன் கருப்பைவாய்ப் புற்றுநோயை நினைத்து அஞ்சும் தாய்மார்கள் உண்டு. அந்த நோயை உண்டாக்கும் வகைகள் வேறு. காலில் மருவை உண்டாக்கும் வகைகள் வேறு. அதே காரணத்தால்தான், அந்தப் புற்றுநோயைத் தடுக்கப் பெண் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசியை கால் மருவுக்கான தடுப்பாகக் கருத இயலாது. ஆயினும் அந்த ஊசியைத் தவறாமல் போட்டுவிடுங்கள். அது வேறு நன்மைக்கு.

தானாகவே போகுமா?

போகும். குழந்தைகளின் மருக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, எந்த மருத்துவமும் இல்லாமல் இரண்டு ஆண்டுகளுக்குள் மறைந்துவிடுகின்றன. மேல்தோலோடு நின்றுவிடும் வைரசை உடலின் எதிர்ப்பாற்றல் கண்டுகொள்ளத் தாமதமாகிறது. கண்டுகொண்டதும் சில வாரங்களில் துடைத்தெறிந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு இது மெதுவாக நிகழும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

மரு வந்தால் கோயிலில் உப்பும் மிளகும் போட்டு வேண்டிக்கொள்வது நம் ஊர்களில் நெடுநாளைய வழக்கம். வேண்டிக்கொண்ட பின் மரு உதிர்ந்துவிட்டது என்று சொல்பவர்களை நாங்கள் மறுத்துப் பேசுவதில்லை. அது உதிரும் இயல்புடையது. உப்பும் மிளகும் எவருடைய காலையும் புண்ணாக்கியதும் இல்லை. சுண்ணாம்பும் சலவை சோடாவும் கலந்த கலவையையும், எருக்கம்பாலையும், முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயையும் அப்படிச் சொல்ல முடியாது. இவை மருவையும் நல்ல தோலையும் பிரித்தறியாமல் வேகவைக்கின்றன. உள்தோல் வெந்தால் தழும்பு உண்டாகும். உள்ளங்காலில் எடை விழும் இடத்தில் ஏற்பட்ட தழும்பு, ஒவ்வோர் அடியிலும் வலிக்கும்; மருவைப் போல அது தானாகப் போவதும் இல்லை.

ஆகவே, வலியில்லாத, பெருகாத மரு உள்ள குழந்தைக்கு நாங்கள் பல நேரங்களில் மருந்து எழுதுவதில்லை. “மருந்தே வேண்டாமா?” என்று பெற்றோர் ஏமாற்றத்தோடு எழுந்து செல்வதைக் கண்டிருக்கிறோம். ஏமாற்றம் புரிகிறது. ஆனால் வலிக்காத ஒன்றுக்காகக் குழந்தையை வலிக்கச் செய்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

வீட்டில் செய்யத்தக்க மருத்துவம்

நடக்கும்போது வலித்தால், எண்ணிக்கை கூடினால், அல்லது பெரியவர்களுக்கு நாட்பட்டு நீடித்தால் மருத்துவம் தேவை. முதலில் நாங்கள் தருவது சாலிசிலிக் அமிலம். நம் நாட்டில் 16.7 சதவீத சாலிசிலிக் அமிலமும் அதே அளவு லாக்டிக் அமிலமும் கலந்த, பூசினால் படலமாக உலர்ந்துவிடும் திரவமாக இது கிடைக்கிறது. மருந்து எளியது, வெற்றி அதைப் பூசும் முறையில் இருக்கிறது.

இரவில் பாதத்தை வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் ஊறவையுங்கள். துடைத்த பின், வெளுத்து மென்மையான மேற்பகுதியை அட்டை அரத்தாலோ உங்களுக்கென வைத்திருக்கும் கல்லாலோ மெல்லத் தேய்த்து நீக்குங்கள். இரத்தம் வரும்வரை தேய்க்கக் கூடாது. மருவைச் சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் தடவுங்கள். பிறகு மருவின் மீது மட்டும் ஒரு சொட்டு வைத்து உலரவிட்டு, பிளாஸ்டரால் மூடுங்கள். மறுநாள் இரவு அதே வேலை. காய்ந்த தோலை நீக்காமல் நாள்தோறும் மருந்தை மட்டும் பூசுவது, துருவைத் தேய்க்காமல் இரும்புக்குப் பெயின்ட் அடிப்பது போன்றது. சிவந்து எரிந்தால் இரண்டு மூன்று நாள் நிறுத்தி, பிறகு தொடருங்கள். இப்படிக் குறைந்தது 12 வாரம்.

12 வாரமா என்று மலைப்பவர்களுக்கு நாங்கள் ஓர் ஆய்வைச் சொல்வதுண்டு. பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகத்தினர் முன்னின்று, உள்ளங்கால் மரு உள்ள 240 பேரிடம் நடத்திய ஆய்வு 2011ஆம் ஆண்டு வெளியானது. ஒரு பிரிவினர் 50 சதவீத சாலிசிலிக் அமிலத்தை வீட்டில் நாள்தோறும் பூசினர். மற்றொரு பிரிவினருக்கு மருத்துவமனையில் திரவ நைட்ரஜனால் மருவை உறையவைத்தனர். 12 வாரம் கழித்துப் பார்த்தபோது, இரு பிரிவிலும் மரு முற்றிலும் நீங்கியவர்கள் 14 சதவீதத்தினர் மட்டுமே. ஆறு மாதத்தில் இது ஏறத்தாழ மூன்றில் ஒருவர் என்றாயிற்று. இரண்டு செய்திகள் இதில் உள்ளன. விலை கூடிய, வலி கூடிய மருத்துவம் எளிய மருத்துவத்தை வெல்லவில்லை என்பது ஒன்று. எந்த மருத்துவமும் உள்ளங்கால் மருவை விரைந்து நீக்கிவிடுவதில்லை என்பது மற்றொன்று. ஒரே வாரத்தில் வேரோடு நீக்கித் தருவதாகச் சொல்லும் விளம்பரத்தைக் காணும்போது இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

வலிக்காத கால்

மேலே கூறிய வீட்டு மருத்துவம் எல்லாருக்கும் உரியதன்று. நீரிழிவு உள்ளவர்கள், கால் மரத்துப்போனவர்கள், காலுக்கு இரத்த ஓட்டம் குறைந்தவர்கள் ஆகியோர் எங்களைக் கேளாமல் எந்த அமிலத்தையும் பாதத்தில் வைக்கக் கூடாது. மருந்துக் கடைகளில் கேட்டவுடன் கொடுக்கப்படும் கார்ன் கேப் பிளாஸ்டரும் இதில் அடங்கும். நடுவில் உள்ள சிறு வட்டில் இருப்பது அதே சாலிசிலிக் அமிலம், பெரும்பாலும் 40 சதவீத அடர்த்தியில்.

12 ஆண்டுகளாக நீரிழிவு உள்ள மளிகைக் கடைக்காரர் ஒருவர் எங்களிடம் வந்தார். நாள் முழுவதும் நின்று வேலை செய்பவர். வலது காலின் சுண்டுவிரலுக்குக் கீழே இருந்த மருவை ஆணி என்று எண்ணிக் கார்ன் கேப் ஒட்டியிருக்கிறார். ஒரு வாரம் கழித்து, வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்த மகள் தரையில் இரத்தக் கறையைப் பார்த்துக் கேட்ட பிறகுதான் பிளாஸ்டரைப் பிரித்திருக்கிறார். வட்டின் அளவுக்குத் தோல் வெந்து குழியாகியிருந்தது. பிறகும் நான்கு நாள் கடையில் நின்றிருக்கிறார். “வலிக்கவே இல்லையே டாக்டர்” என்றார். உடன் வந்த அவர் மனைவி, “வலிச்சிருந்தா அன்னிக்கே கூட்டிட்டு வந்திருப்பேன்” என்றார். இருவர் சொன்னதும் உண்மை. நோய்த்தொற்று எலும்புவரை சென்றுவிட்டதால் அறுவை சிகிச்சைப் பிரிவினர் சுண்டுவிரலை எடுக்க நேர்ந்தது. பாதத்தைக் காப்பாற்ற முடிந்தது. மூன்று மாதம் கடை மூடியிருந்தது.

வலி இல்லாததைத் தேறுதலாக எடுத்துக்கொள்ள இயலாத நோய் நீரிழிவு. இவர்களுக்கும் மருவுக்கு மருத்துவம் உண்டு. நரம்பு உணர்வையும் நாடித் துடிப்பையும் சோதித்த பின், எங்கள் கண்முன் கவனமாகச் செய்வோம். உடனிருந்து கவனிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இரவில் ஒருமுறை அவர்களின் உள்ளங்காலை நீங்கள் பாருங்கள். முதுகு வளைத்துத் தம் பாதத்தைத் தாமே பார்க்க முதியவர்களால் இயலுவதில்லை. இயலுகிறவர்களுக்கும் கண் தெளிவாகத் தெரிவதில்லை.

மருத்துவமனையில் செய்பவை

அமிலத்துக்கு அடங்காத மருவைத் திரவ நைட்ரஜனால் உறையவைக்கிறோம். அதன் வெப்பநிலை மைனஸ் 196 பாகை செல்சியஸ். சில நொடிகள் தெளிப்போம். எரிச்சலும், பிறகு கொப்புளமும் வரலாம். இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பல தடவை வர வேண்டியிருக்கும். சிறு குழந்தைகளுக்கு இதை நாங்கள் விரும்புவதில்லை.

பல மருக்கள் ஒருங்கே உள்ளவர்களுக்கு, உடலின் எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்பும் முறைகள் உண்டு. தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகியவற்றுக்கான தடுப்பு மருந்தையோ, வைட்டமின் டி3 மருந்தையோ ஒரு மருவுக்குள் ஊசியால் செலுத்தும்போது, எதிர்ப்பாற்றல் அவ்விடத்துக்குத் திரண்டு வந்து வைரசையும் கண்டுகொள்கிறது. சிலருக்கு ஊசி போட்ட மரு மட்டுமின்றி, தொடாத மருக்களும் மறைகின்றன. இந்திய மருத்துவர்கள் இம்முறையை மிகுதியாகக் கையாள்கிறார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டபின் ஒரு மருவைப் பலமுறை ஊசியால் குத்தி, வைரஸ் உள்தோலின் பார்வையில் படுமாறு செய்வதும் இதே நோக்கத்துக்கானது. கருவுற்றிருப்பவர்களும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்களும் அதை முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பு மருந்தை அவர்களுக்குச் செலுத்தக் கூடாது.

கத்தியால் வெட்டுவதையும் மின்சாரத்தால் சுடுவதையும் கடைசியில்தான் எண்ணிப் பார்க்கிறோம். காரணம் முன்பே சொன்ன தழும்புதான். வெட்டிய ஓரத்தில் வைரஸ் எஞ்சியிருந்தால் மரு தழும்பின் மீதே திரும்ப வரும்.

மருவும் இல்லை, ஆணியும் இல்லை என்றால்

வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்பவர்களின் காலில் முறிந்து தங்கிய முள், மாதக்கணக்கில் இருந்து மருபோல் தடித்துவிடும். இது எளிதில் தீரும்.

எளிதில் தீராதவையும் உண்டு. மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கும் கருநிறத்தாருக்கும் அரிது. ஆனால் வரும்போது, வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவதே மிகுதி. சில வேளைகளில் அதில் கருமையே இராது. சிவந்த புண்ணாகவோ மருவாகவோ தோன்றும். மருவைப் போலவே காலிஃபிளவர் வடிவில் மெல்ல வளரும் வேறொரு புற்றுநோயும் உள்ளங்காலில் வரக்கூடும். பல மாதம் மருவென்றும் ஆணியென்றும் சீவப்பட்ட பின் இவை கண்டறியப்படும்போது காலம் கடந்திருக்கிறது.

நடுவயதைக் கடந்தவருக்குப் புதிதாக ஒற்றை மரு தோன்றினால், அது வளர்ந்துகொண்டே போனால், தானாக இரத்தம் கசிந்தால், நாற்றம் வீசினால், கருமை ஓரத்தைத் தாண்டிப் பரவினால், மூன்று மாத முறையான மருத்துவத்துக்கும் அசையாவிட்டால், சிறு துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்வோம். மரத்துப்போகும் ஊசி போட்டு நிமிடங்களில் முடியும் சோதனை இது. சதை எடுத்தால் பரவிவிடும் என்ற அச்சத்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள், எடுப்பதால் பரவுவதில்லை.

தோல் நோய்ப் பிரிவுக்கு வரும் நாளில் மருவைச் சீவாமல், மஞ்சளோ மருந்தோ பூசாமல், பாதத்தைக் கழுவித் துடைத்து வாருங்கள். பூச்சு இருந்தால் கோடுகளும் புள்ளிகளும் எங்களுக்குத் தெரிவதில்லை. இதுவரை பூசிய மருந்துகளின் பெயர் தெரியாவிட்டால் டப்பாவையே எடுத்து வாருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் அண்மைய இரத்தச் சோதனை அறிக்கையைக் கொண்டுவரவும். நாள்தோறும் அணியும் செருப்பையே அணிந்து வாருங்கள், மருத்துவமனைக்கென்று புதுச் செருப்பு வேண்டாம். அதன் அடிப்பாகம் தேய்ந்திருக்கும் விதத்தைக் கொண்டே சில நேரங்களில் ஆணியா மருவா என்பது எங்களுக்குப் புலப்பட்டுவிடும்.